அம்புக்குறியிட்ட எண்கள்

மதுரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும், அதனுடன் வைத்திருந்த உன் மகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. 11 இடங்களில் தடித்த எழுத்தும் பக்கத்தில் அம்புக்குறியும் இருப்பதைக் கண்டு இரவெல்லாம் உறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். உன் மகளைப் போலவே என் மகனுக்கும் தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய். அவனுக்கு ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கும் அப்படித்தான் கழிந்தன. இப்போது அவனுக்கு 14 வயது. நான் மருத்துவம் படித்தவள் அல்லள் என்பதை நீ அறிவாய். மாதந்தோறும் இந்த எண்களைப் பார்த்தும், மருத்துவரிடம் கேட்டுக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றைத்தான் எழுதுகிறேன். மருந்திலோ ரத்தம் ஏற்றும் நாளிலோ எந்த மாற்றத்தையும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துவிடாதே.

அறிக்கையின் வலது ஓரத்தில் இயல்பு அளவு என்று ஒரு பத்தி இருக்கிறதல்லவா, அது தலசீமியா இல்லாத குழந்தைகளுக்கான அளவு. உன் மகளின் எண்களை இயந்திரம் அந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டுத்தான் அம்புக்குறி போடுகிறது. அவளுக்கு எப்போது ரத்தம் ஏற்றினார்கள், அடுத்து எப்போது ஏற்றப் போகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே, தலசீமியா உள்ள குழந்தையின் அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ரத்தம் எடுத்த தேதியையும், அதற்கு முன் கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதியையும்தான். இந்த இரண்டும் தெரியாவிட்டால் ஹீமோகுளோபின் 8.1 என்ற எண்ணை வைத்து நாம் எதையும் சொல்ல முடியாது.

நீ எழுதியதிலிருந்து, ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய நாள் மாலையில் எடுத்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். அப்படியானால் அந்த 8.1 கவனிக்க வேண்டிய எண்தான். ஆனால் இயல்பு அளவாகிய 11-ஐவிடக் குறைவு என்பதற்காக அல்ல. தொடர்ந்து ரத்தம் ஏற்றும் குழந்தைகளுக்கு, ஏற்றுவதற்கு முன் இருக்கும் ஹீமோகுளோபின் 9.5-க்கும் 10.5-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதே பொதுவாக மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. அந்த அளவில் நின்றால் எலும்பு மச்சை தேவையற்று உழைப்பது அடங்கும். கன்ன எலும்பும் நெற்றியும் புடைப்பது குறையும். குழந்தையும் வயதுக்கேற்ப வளரும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றி 8.1-க்கு இறங்குகிறது என்றால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றலாமா அல்லது ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டலாமா என்று கேள். ஏற்றிய பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 1 கிராம் வீதம் இறங்குவது வழக்கம். முன்பெல்லாம் அப்படி இறங்கியது இப்போது வேகமாக இறங்குகிறது என்றால் மண்ணீரல் பெருத்திருக்கலாம். அல்லது பிறர் ரத்தத்துக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கலாம். இரண்டையும் சோதித்து அறிய வழி உண்டு.

உன்னை மிகவும் கலங்கச் செய்தது வெள்ளையணு 18,000 என்ற எண் என்று நினைக்கிறேன். என் மகனுக்கு ஐந்து வயதில் இதே போன்ற எண் வந்தபோது, அது ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று எங்கள் ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாட்களை நான் இன்றும் மறக்கவில்லை. பிறகு மருத்துவர் விளக்கினார். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இருக்காது. தலசீமியாவில் எலும்பு மச்சை அவசர அவசரமாக வேலை செய்வதால், முதிராத சிவப்பணுக்கள் உட்கருவோடு ரத்தத்தில் வந்துவிடுகின்றன. எண்ணும் இயந்திரங்கள் சில, உட்கரு இருப்பதால் அவற்றையும் வெள்ளையணு என்றே கணக்கிட்டுவிடுகின்றன. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்த குறிப்பில், 100 வெள்ளையணுக்களுக்கு 80 உட்கருச் சிவப்பணுக்கள் என்று எழுதியிருக்கிறார்கள், பார். 18,000-ஐ 100-ஆல் பெருக்கி, 100-உம் 80-உம் சேர்ந்த 180-ஆல் வகுத்தால் 10,000 வருகிறது. அதுதான் உண்மையான எண்ணிக்கை. நான்கு வயதுக் குழந்தைக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும், அந்த எண் திருத்தப்பட்டதா என்று பரிசோதனைக் கூடத்தில் ஒரு முறை கேட்டுக்கொள். காய்ச்சல் இருக்கும்போது வரும் உயர்ந்த எண்ணிக்கையை மட்டும் இந்தக் கணக்கை நம்பி அலட்சியப்படுத்தாதே.

சிவப்பணு சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளாகிய பிலிருபின் 2.1 இருப்பது சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதைவதால். கல்லீரல் இன்னும் மாற்றாத மறைமுகப் பிலிருபின் மட்டும் சிறிது உயர்ந்து, கல்லீரல் நொதிகள் சரியாக இருந்தால், அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி, உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமாகிய ஃபெரிட்டின். 1,640 என்ற எண்ணைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லையோ என்று கேட்டிருந்தாய். ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடலால் ஒரு நாளில் வெளியேற்ற முடிவதோ ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். எனவே ஏற்றிய ரத்தத்தின் இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிகிறது. அதை அகற்றத்தான் தினமும் நீ தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் டெஃபெராசிராக்ஸ். இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை ஃபெரிட்டின் ஓரளவுக்குக் காட்டும். ஆனால் காய்ச்சல், சளி, கல்லீரல் அழற்சி எதுவானாலும் அது தானாகவே உயர்ந்துவிடும். குழந்தைக்கு அந்த வாரம் காய்ச்சல் இருந்தது என்று கடிதத்தின் கடைசிப் பகுதியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். நான் முதலில் கவனித்தது அதைத்தான். ஆகவே இந்த ஒரு முறை வந்த எண்ணை வைத்து முடிவு கட்டாதே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குழந்தை நலமாக இருக்கும் நாளில் எடுத்த எண்களை வரிசையாக எழுதிப் பார். அது ஏறுமுகமா இறங்குமுகமா என்பதே செய்தி. 1,000-க்குள் வைத்திருக்க முயல்வார்கள். 2,500-க்கு மேல் நீடித்து நிற்பதுதான் இதயத்துக்கு ஆபத்து. சற்று வளர்ந்து, மயக்க மருந்தில்லாமல் அசையாமல் படுக்கும் வயது வந்ததும், எம்.ஆர்.ஐ. மூலம் இதயத்திலும் கல்லீரலிலும் உள்ள இரும்பை நேராக அளப்பார்கள். என் மகனுக்குப் பத்து வயதில் முதன்முறை எடுத்தபோது, ஃபெரிட்டின் சொல்லாத பலவற்றை அது சொன்னது.

அம்புக்குறி இல்லாததால் நீ பார்க்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப் பொருளாகிய கிரியாட்டினின் இயல்பு அளவுக்குள் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் போன முறை 0.3 என்று எழுதியிருந்தாய், இப்போது 0.5. டெஃபெராசிராக்ஸ் சாப்பிடும் குழந்தைக்குச் சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த இரண்டு எண்களையும் முதலில் சொல். காய்ச்சலில் சரியாகத் தண்ணீர் குடிக்காததாலும் அப்படி ஏறியிருக்கலாம். இதற்காகத்தான் நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கச் சொல்கிறேன். ஒவ்வொரு வரியிலும் தேதி, எடை, ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின், ஏற்றிய அளவு, ஃபெரிட்டின், கிரியாட்டினின், கல்லீரல் நொதி, அன்று காய்ச்சல் உண்டா என்பதை எழுதி வை. எங்கள் வீட்டில் அப்படி மூன்று நோட்டுகள் நிறைந்துவிட்டன. இப்போது மகனே எழுதுகிறான்.

உன் தங்கையைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களிடம் வழக்கமாகச் சற்று உயர்ந்திருக்கும் ஹீமோகுளோபின் வகையாகிய ஏ2, அவளுக்கு 3.4 என்று வந்திருப்பதால் அவள் அந்த மரபணுவைச் சுமப்பவள் அல்லள் என்று வீட்டில் நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. சிவப்பணுவின் பருமனாகிய எம்.சி.வி. 64, சிவப்பணு எண்ணிக்கை 57 லட்சம், அதாவது 5.7 மில்லியன். 64-ஐ 5.7-ஆல் வகுத்தால் 11-க்கு அருகில் வருகிறது. இந்த ஈவு 13-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவைவிடத் தலசீமியாவைத்தான் அதிகம் சந்தேகிப்பார்கள். அவளுக்கு இரும்புச் சத்தும் குறைவு என்று எழுதியிருக்கிறாய். இரும்பு குறைந்திருந்தால் ஏ2 உண்மை அளவைவிடத் தாழ்ந்து தெரியலாம். விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்தபோது, நீயே இந்த மரபணுவைச் சுமப்பவள் என்று தெரியாமல், ரத்த சோகை என்று உனக்கு மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்ததும், எம்.சி.வி. மட்டும் அசையாமல் நின்றதும் நினைவிருக்கிறதா? இரும்புக் குறைவைச் சரிசெய்து மீண்டும் ஏ2 பார்க்கச் சொல். அப்போதும் தெளிவில்லாவிட்டால் மரபணுச் சோதனை இருக்கிறது.

அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை உங்கள் அத்தை மகன் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஒரே குடும்பத்து மரபணு இருவரிடமும் இருக்கக் கூடும். ஒருவருக்கு மட்டும் இருந்தால் குழந்தைக்கு இந்த நோய் வராது. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நான் என் மாமன் மகனை மணந்தபோது எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. இந்தப் பேச்சை எடுத்தால் சம்பந்தம் கெட்டுவிடுமோ என்று உன் அம்மா அஞ்சுவது எனக்குப் புரிகிறது. நான் வேண்டுமானால் அத்தையிடம் பேசுகிறேன். என் மகனைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர் என்பதால் என் சொல்லைக் கேட்பார். தை மாதத்துத் திருமணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாப்பிள்ளையின் ஏ2 அறிக்கை வந்ததும், எம்.சி.வி. தெரியும்படி முழுப் பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்பு.

குழந்தைக்கு என் முத்தங்கள்.

உன் அன்புத் தோழி