தை மாதத்தில் முகாம் போடாதே

மன்னார்குடி,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எண்ணெய் வைத்தியத்தால்தான் என்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை.

காலேஜில் சட்ட உதவி மையத்தை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், பொங்கல் கழித்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நம்ம தாலுகாவில் மூன்று நாள் விழிப்புணர்வு முகாம் போடப் போகிறேன், எந்த ஊர், என்ன தலைப்பு வைக்கலாம் என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தை மாதத்தில் வராதே. சம்பா அறுவடை நேரம். அறுப்பு மெஷின் இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று ஒருத்தன் வரப்பில் நிற்பான். இன்னொருத்தன் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடுவார்களோ என்று ராத்திரியெல்லாம் காவல் கிடப்பான். அவனை எழுப்பி, இலவச சட்ட உதவி பற்றிய அரசியல் சட்டம் 39ஏ பிரிவைச் சொல்லப் போகிறாயா? கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேன் வைத்துக் கூட்டி வந்து பந்தலில் உட்கார வைப்பீர்கள். போட்டோவில் கூட்டமாகத்தான் தெரியும். வைகாசியில் வா. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் ஆட்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். உங்களுக்கும் செமஸ்டர் முடிந்திருக்கும்.

வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இந்த மாதிரி முகாம்களுக்கு நாற்காலி பிடித்துப் போட்டவன் நான். எல்லாம் ஒரே மாதிரிதான் நடக்கும். குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு, டீ, வடை. எல்லாம் முடிந்து வேன் கிளம்புகிற நேரத்தில் மஞ்சள் பையில் காகிதக் கட்டோடு ஒரு பொம்பளை ஓரமாக நிற்பாள். அவள்தான் உண்மையிலேயே வந்தவள். "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்பார்கள். அடுத்த தடவை வேறு ஊர்.

நம்ம ஜனங்களுக்குச் சட்டம் தெரியாது என்ற நினைப்போடு வராதே. காவிரிக்காக 1983-ல் இந்தப் பக்கத்து விவசாயிகள் சங்கம்தான் சுப்ரீம் கோர்ட்டில் ரிட் போட்டது. அந்த வழக்கில்தான் 1990-ல் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இறுதித் தீர்ப்பு 2007, அதன் மேல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2018. கடலோரம் இறால் பண்ணைகள் வந்து நிலமும் குடிநீரும் உப்பானபோது டெல்லி வரை வழக்குக் கொண்டுபோய் 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கியவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். 1952-ல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி எங்கள் தாத்தா வாயாலேயே கேட்டிருக்கிறேன். வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் 1973-ல் ஹைகோர்ட் மிராசுதார்களை விடுதலை செய்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்று இவர்களுக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர்களுக்கு இல்லாதது கூட வருகிற ஆள். ஒரு விஷயம் சொல்கிறேன். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுத ஒருத்தர் செத்துப் போய்விடுகிறார். மகன் தொடர்ந்து பயிர் செய்கிறான், குத்தகை நெல்லும் அளக்கிறான். பதிவில் மட்டும் அப்பா பெயரே இருக்கிறது. ரெண்டு வருஷம் தண்ணீர் வராமல் பாக்கி விழுகிறது. வருவாய் கோர்ட்டிலிருந்து செத்தவர் பெயருக்கு நோட்டீஸ் வருகிறது. மகன் பயந்துபோய்ப் பரணில் போட்டுவிடுகிறான். வாய்தா தப்பி, அவன் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு ஆகி, அப்புறம்தான் வக்கீலைத் தேடுகிறான். இதில் எந்த இடத்தில் விழிப்புணர்வு குறைந்தது? நோட்டீஸ் வந்த வாரத்திலேயே ஒருத்தர் உட்கார்ந்து, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குத்தகை ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, குத்தகைப் பதிவில் பெயர் மாற்ற தாசில்தாருக்கு மனு எழுதி, கையோடு இலவச வக்கீல் கொடுக்கிற கோர்ட் வளாகத்து வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கும் கூட்டிப் போயிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். குடியிருப்பு மனைக்கும் இதே கதைதான். 1971 குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிகளுக்கே அந்த மனையைச் சொந்தமாக்கியது. பேரன் பட்டா கேட்டுப் போகும்போது ஒரு காகிதமும் கையில் இல்லை.

உன் மாணவர்கள் கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. அட்வகேட்ஸ் ஆக்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன வேலை அத்தனையும் அவர்கள் செய்யலாம். பார் கவுன்சில் விதியே ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்கிறது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவைப் பேனரில் பெரிதாகப் போடு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்று வாங்க அலைந்தே அலுத்துப்போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சலே அவர்களுக்குத் தேவையில்லை. இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற போன் நம்பரையும் போடு. வேறு எதுவும் பேனரில் வேண்டாம், யார் படமும்.

என் யோசனை இது. மூன்று நாள் முகாமை விட்டுவிடு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதே ஊர், அதே மண்டபம். பத்து பேர் வந்தால் போதும், ரெண்டு பேர் வந்தாலும் உட்காருங்கள். ஒரு நோட்டு போடு: யார் வந்தார், என்ன காகிதம், எந்தத் தேதி வாய்தா, அடுத்து என்ன, யார் பார்க்கிறார். மூலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதே, நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடு. மூலப் பத்திரம் தொலைந்தால் உன் காலேஜ் பெயர் மட்டுமல்ல, அவர்கள் குடும்பமே போய்விடும். மாணவர்கள் ஐந்து வருஷத்தில் போய்விடுவார்கள். நில வழக்கு போகாது. அதனால் நான்காம் வருஷத்தான் மூன்றாம் வருஷத்தானிடம் காகிதக் கட்டை ஒப்படைக்கும்போது எதிரே உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொல். எங்கள் ஆபீசில் ஒரு குமாஸ்தா நின்றுபோனால் அப்படித்தான் செய்தோம்.

சென்னையிலிருந்து மாதாமாதம் எப்படி வருவது என்பாய். நீ படித்த திருச்சி அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, நவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தஞ்சாவூரில் சாஸ்த்ராவிலும் சட்டம் சொல்லித் தருகிறார்கள். அவர்களோடு பேசி முறை போட்டுக்கொள். கௌரவம் பார்க்காதே.

இன்னொன்று. இதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். எந்தத் தெருவிலும் தபாலைப் படித்துச் சொல்கிற ஒரு பிள்ளை இருக்கும். மையத்துக்கு வருகிற பாட்டியோடு அதுதான் துணைக்கு வரும். அதைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் பாட்டியிடம் மட்டும் பேசாதே. உன் காலேஜுக்கு வர வேண்டிய பிள்ளை அதுதான்.

காலனித் தெருவிலிருந்து ஒரு பெண், பிளஸ் டூ படிக்கிறாள், பாட்டியின் நோட்டீசோடு போன வாரம் என்னிடம் வந்தாள். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "தாத்தா, இதுல இருக்கிற சர்வே நம்பரும் ரசீதுல இருக்கிற நம்பரும் வேறயா இருக்கே" என்றாள். நான் வேலை பார்த்த சீனியரின் ஜூனியர்களில் பாதிப் பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். டாக்டர், நர்ஸ், டீச்சர் தவிர வேறு படிப்பைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதுகிற கிளாட் தேர்வைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். 120 கேள்வி, ரெண்டு மணி நேரம், எல்லாம் ஆங்கிலம்; விண்ணப்பத்துக்கே 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 3,500. கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. இந்தத் தேர்வுக்கு ஏழைப் பிள்ளைகளைத் தயார் செய்யத்தான் ஷம்நாத் பஷீர் என்ற பேராசிரியர் 2010-ல் ஐ.டி.ஐ.ஏ. அமைப்பைத் தொடங்கினார். அவர் 2019-ல் இறந்துவிட்டார், அமைப்பு நடக்கிறது. அவர்களிடமும் கேட்டுப் பார். ஆனால் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்து அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் அவளுக்கு உண்டு. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. உன் மாணவர்கள் போய்ச் சொல்ல வேண்டிய விழிப்புணர்வு இருந்தால் இதைச் சொல்லட்டும்.

சீட்டு கிடைத்தால் ஆயிற்றா என்பாய். இல்லை, தெரியும். வக்கீலாகப் பதிவு செய்கிற என்ரோல்மென்ட் கட்டணம் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 125 ரூபாய், மற்றவர்களுக்கு 750, அதற்கு மேல் பார் கவுன்சில் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஜூனியர்களுக்கு சீனியர்கள் மாதம் குறைந்தது 15,000, பெரிய ஊர்களில் 20,000 உதவித்தொகை தர வேண்டும் என்று அதே வருஷம் நம்ம ஹைகோர்ட்டும் சொன்னது. எங்கள் காலத்தில் பஸ் காசு கொடுக்காத சீனியர்களைப் பார்த்தவன் நான். காகிதத்தில் இருப்பது கைக்கு வரட்டும், பார்ப்போம்.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஹாஸ்டல்தான் பயம். நான் சொன்னால் கிழவன் ஏதோ சொல்கிறான் என்று இருந்துவிடுவாள். நீ ஒருமுறை பேசு; நீயும் இதே பஸ்ஸில் போய்ப் படித்தவள். அவள் நம்பரை உன் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஆறு மணிக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் அம்மா வயலில் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு: முகாம் எப்போது போட்டாலும் மண்டபத்துக்காரரிடம் நீ பேரம் பேசாதே. என்னிடம் விட்டுவிடு.