முறுக்குப் பையோடு நாயையும் அழைத்து வாருங்கள்

சிங்கப்பூரில் உள்ள தமிழ் அமைப்புகளின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முதியோர் இல்லம், மனநலப் பராமரிப்பு நிலையம் என்று போய் முறுக்கும் அன்பளிப்புப் பையும் கொடுக்கிறீர்கள், நல்ல காரியம், குறை சொல்லவில்லை (படம் மட்டும் கொஞ்சம் குறைவாக எடுக்கலாம்). மற்ற மாதங்களுக்கு ஒரு யோசனை: நோயாளிகளோடு சற்று நேரம் இருந்து மனத்துக்கு ஆறுதல் தரும் சிகிச்சை நாய்கள் வர ஏற்பாடு செய்யுங்கள்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். அவர் போகும் பகல்நேர நிலையத்தில் பெரும்பாலும் ஆங்கிலம்தான், அதனால் ஓரமாகவே உட்கார்ந்திருப்பார். நாய் வந்த அன்று அதன் முதுகைச் சீவிவிட்டபடியே, இது சோறு சாப்பிடுமா என்று அதை வளர்க்கும் சீன மாதிடம் தெரிந்த மலாயில் அவராகவே கேட்டார். மருந்து மாத்திரை அப்படியேதான் தொடர்கிறது, நாய் வந்து நோயை விரட்டிவிட்டது என்றெல்லாம் சொல்ல வரவில்லை. ஆனால் இன்னொருவர் முகம் பார்த்துப் பேச அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது, எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாய் பூனைகளை 10 நிமிடம் தடவிக்கொடுத்த மாணவர்களின் உமிழ்நீரில் மனஅழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர், சரி, ஆனாலும் கவனிக்க வேண்டிய செய்தி.

வீட்டிலேயே ஒன்று வளர்க்கலாமே என்பீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய இனத்தில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதற்குத் தீனி, நடை, மருத்துவர் செலவு என்று எல்லாவற்றையும் நோயோடு மல்லுக்கட்டும் ஒருவர் தலையில் எப்படிக் கட்டுவது? சிகிச்சை நாய் பார்வையற்றோரின் வழிகாட்டி நாய் போன்றதல்ல. ஒரு தொண்டூழியர் வீட்டுச் செல்லப்பிராணி, சாதுவான குணமா என்று சோதித்த பிறகே வரும், வந்து போய்விடும்.

நாய் என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு, எச்சில் படக்கூடாது என்று விலகும் முஸ்லிம் அன்பர்களும் உண்டு. முன்கூட்டியே கேளுங்கள், தனி அறை வையுங்கள், கை கழுவ இடம் இருக்கட்டும். நாய்க்கும் அலுக்கும், அது கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பினால் அன்றைக்குப் போதும்.

தெரப்பி டாக்ஸ் சிங்கப்பூர் போன்ற தொண்டூழியக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களோடு பேசுவது, தமிழ் மட்டுமே தெரிந்த குடும்பங்களுக்கு விளக்குவது, இதற்குத்தான் நீங்கள் வேண்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைச் சேருங்கள், கூப்பிட்டால் நானும் வந்து பேசுகிறேன், சனிக்கிழமை என்றால் வசதி.