வாடைக்காலமும் செய்மதிப் படங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடை (வடகீழ்ப் பருவக்காற்று) தொடங்கியதும், இந்தியப் பக்கமிருந்து, நிலக்கரி எரிவதால் உண்டாகும் கந்தகவீரொட்சைட்டு (SO₂) வாயு இலங்கையின் கிழக்குக் கரையை நோக்கி வருவதாகக் காட்டும் வண்ணப் படங்கள் கைபேசிகளில் பரவுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கவலை பொய்யன்று. ஆனால் அப்படங்களை வைத்து மட்டக்களப்பு மக்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று தீர்ப்பளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2017 இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செய்மதியிலுள்ள ட்ரோபோமி என்ற கருவி, புவியிலிருந்து தெறித்துவரும் புறஊதா ஒளியில் இவ்வாயு உறிஞ்சிக்கொண்ட பங்கைக் கொண்டு, நிலத்திலிருந்து மேலே வரையுள்ள காற்று நிரல் முழுவதிலும் இருக்கும் வாயுவைக் கணிக்கிறது. அது நமது மூக்கு மட்டத்து அளவன்று. அதுவும் பகல் ஒன்றரை மணியளவில் செய்மதி கடக்கும்போது எடுத்தது. பெரிய அனல்மின் நிலையங்களை, மாதக்கணக்கான பதிவுகளைச் சராசரியாக்கினால் இத்தகைய கருவிகள் துலக்கமாகக் காட்டும். இவ்வாயுவின் உமிழ்வில் சீனாவை இந்தியா முந்திவருவதாக 2017 இல் வெளியான ஆய்வும் இதற்கு முந்திய ஓஎம்ஐ கருவியின் பல்லாண்டுப் பதிவுகளையே பயன்படுத்தியது. ஒரு நாள் படத்தில் நமது வாவியின் மேல் தெரியும் மெல்லிய நிறமோ கருவியின் வழுவெல்லைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடியது.

இன்னொன்று: வாடை வீசும் மாதங்களே கிழக்கில் மாரி. முகிலுக்குக் கீழே உள்ளதை இக்கருவியால் காண முடியாது. காற்று அப்பக்கமிருந்து வரும் காலத்திலேயே செய்மதியின் பார்வையும் மறைகிறது.

அந்த இடைவெளியை நிரப்புவது, உமிழ்வையும் காற்றோட்டத்தையும் கொண்டு கணினியில் போடப்படும் மாதிரிக் கணிப்பு. செயலிகளில் நாம் பார்க்கும் படங்கள் பலவும் அளவீடுகளல்ல, கணிப்புகளே. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவையின் உலகளாவிய மாதிரி ஏறத்தாழ 40 கிலோமீற்றர்க் கட்டங்களில் இயங்குகிறது. மட்டக்களப்பும் கல்முனையும் ஒரே கட்டத்துள் விழக்கூடும். தவிரவும், கடலைக் கடந்து வரும் ஓரிரு நாட்களுக்குள் வாயுவின் கணிசமான பங்கு சல்பேற்று நுண்துணிக்கைகளாக மாறிவிடுகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வளித்தரம் கெட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் நுண்துணிக்கைகளே பேசுபொருளாயின.

கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் கேள்வியின் திசை மாறுகிறது. தீவின் மறுகரையில் 900 மெகாவாற்று நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. அதன் புகை வடமத்திய மாகாணத்தோடு ஐதாகிவிடுகிறதா, வாழைச்சேனை வரை நீள்கிறதா என்பதையும் மாதிரி சொல்ல வேண்டும். (இதுபற்றிய படம் எதையும் எவரும் எனக்கு அனுப்பியதில்லை, அயல்வீட்டுப் புகைதான் நம் கண்ணைக் கரிக்கும் போலும்.)

மாதிரி சரியா என்று பார்க்க நிலத்தில் அளவீடு வேண்டும். எனவே மத்திய சுற்றாடல் அதிகார சபையும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, பிரதான வீதியின் வாகனப் புகைக்கும் அரிசி ஆலைகளுக்கும் எட்ட, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களிலும் ஒவ்வோர் அளவீட்டு நிலையத்தை ஆண்டு முழுவதும் இயக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அவை வாயுவை மட்டும் அளந்தால் போதாது, நுண்துணிக்கைகளிலுள்ள சல்பேற்றையும் அளக்க வேண்டும். மணித்தியால அளவுகளும், உலக சுகாதார நிறுவனம் 2021 இல் விதந்துரைத்த, 24 மணித்தியாலத்துக்குக் கனமீற்றருக்கு 40 மைக்கிரோகிராம் என்ற வரம்போடு ஒப்பிடத்தக்க நாட்சராசரியும் தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.