உழவர் சந்தை மாலையிலும் திறக்க வேண்டும்: கோவை மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தொண்டாமுத்தூர் வட்டாரத்துக் கீரை, காய்கறி விவசாயிகளும் தள்ளுவண்டி வியாபாரம் செய்யும் பெண்களும்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: உழவர் சந்தையை மாலையிலும் நடத்துதல், நகர விளிம்புக் குடியிருப்புகளில் மாலைச் சந்தை அமைத்தல், குத்தகை விவசாயிகளுக்குச் சந்தை அட்டை வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கீரை விவசாயி. அரைக்கீரை, சிறுகீரை, பாலக்கீரை, ஓரத்தில் கொஞ்சம் மணத்தக்காளி என்று ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் விளைவிக்கிறேன். பல வருடங்களாக உழவர் சந்தையில் கடை போடுகிறேன். எங்களில் கோர்வையாக எழுதக்கூடியவள் நான்தான் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டதால், அவர்கள் பேச்சையும் சேர்த்து எழுதுகிறேன்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச் லைட்டுடன் பாத்தியில் இறங்குகிறோம். எங்கள் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. ஒருவர் வரப்போரம் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மற்றவர்கள் குனிந்து கீரை பிடுங்குவார்கள். மண்ணை உதறி, வாழை நாரில் கட்டி, நனைத்த சாக்கில் அடுக்கி, முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஐந்தரைக்குச் சந்தையில் இருக்கலாம். எட்டு மணி வரை வியாபாரம் நன்றாக ஓடும். ஒன்பதைத் தாண்டினால் கீரை தலை சாய்ந்துவிடும். பதினைந்து ரூபாய்க்கு விற்ற கட்டு எட்டு ரூபாயாகி, பிறகு ஐந்தாகும். சந்தை மூடும்போது என் சாக்கில் மட்டும் முப்பது நாற்பது கட்டு மீந்திருக்கும். திருப்பிச் சுமந்து போய்ப் பயனில்லை. வாசலில் நிற்கும் மாடுகளுக்குப் போடுகிறோம். மாடு தின்றது போக மீதி குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

என் தங்கை குறிச்சிப் பக்கம் குடியிருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இரவு எட்டு மணி சுமாருக்குத் தெருமுனைக் கடையில் நின்றேன். வேலை விட்டு வந்த ஒரு பெண், இன்னும் பஞ்சுத் தூசி தலையில் இருக்க, உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு கீரை இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் கருத்துப்போன ஒரு கட்டை எடுத்து வைத்து இருபத்தைந்து ரூபாய் என்றார். அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். அது எங்கள் ஊர்க் கட்டு. நார் முடிச்சைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

அன்று காலையில் அதைவிட நல்ல கீரையை நான் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்திருந்தேன். எங்கள் சரக்கு வீணாகிற நேரத்துக்கும் அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிற நேரத்துக்கும் நடுவே பத்து மணி நேரம் இருக்கிறது. இந்த மனுவில் நாங்கள் கேட்பதெல்லாம் அந்தப் பத்து மணி நேரத்தைப் பற்றித்தான்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. தரகர் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் இலவசம். மொத்த விலையைவிட எங்களுக்குக் கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிட வாங்குகிறவருக்குக் குறைவாகவும் அன்றன்று விலை வைத்துப் பலகையில் எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் படித்தது இந்தப் பலகை விலையில்தான். அதை மறக்க மாட்டோம். ஆனால் காலைச் சந்தைக்கு வர முடிகிறவர்கள் யார்? நடைப்பயிற்சி முடித்துக்கொண்டு வரும் பெரியவர்கள், ஸ்கூட்டர் வைத்திருக்கும் குடும்பங்கள். அவர்கள் எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள்; பேரம் கொஞ்சம் அதிகம், வேறு குறை இல்லை. பவுண்டரிக்கும் மில்லுக்கும் வீட்டு வேலைக்கும் விடியும் முன்னரே கிளம்புகிறவர்களுக்கு இந்தச் சந்தை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

நகரமும் அன்றிருந்த அளவில் இல்லை. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி போன்ற ஊர்களைச் சேர்த்து, 72 வார்டுகளாக இருந்த மாநகராட்சி 100 வார்டுகளானது. குளக்கரைகளில் குடிசை போட்டிருந்த பல குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கும் ஒரு அம்மா முன்பு உக்கடத்தில் இருந்தவர். சாயங்காலம் மார்க்கெட் ஒதுங்கும் நேரத்தில் நடந்தே போய், கூறு கட்டி விற்கும் காய்களைப் பாதி விலைக்கு வாங்கி வந்து நாலு பேருக்குச் சமைத்ததாகச் சொல்கிறார். இப்போது மழை ஒழுகாத வீடு இருக்கிறது. பக்கத்தில் காய்கறி இல்லை. மினி ஆட்டோவில் வரும் காய் வாரம் இரண்டு தடவை, விலையும் அவர்கள் வைத்ததுதான். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. சோறு உண்டு, தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை என்கிறார் அந்த அம்மா.

ஆகவே முதல் கோரிக்கை: மாவட்டத்தில் இரண்டு உழவர் சந்தைகளையாவது ஆறு மாதம் சோதனையாக, மாலை ஐந்து முதல் எட்டரை வரை, காய்கறிக்கும் கீரைக்கும் திறந்து பாருங்கள். தமிழகத்தில் சில உழவர் சந்தைகளில் சிறுதானியம், பயறு விற்க மாலை நேரம் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதே கூரை, அதே தராசுதானே. மாலைச் சந்தை வந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொரு பறிப்புப் பறிப்போம். காலைக்கு விற்கிற அளவு மட்டும் காலையில் கொண்டுவருவோம்.

அதிகாலையிலிருந்து நிற்கும் சந்தை ஊழியர்களையே இரவு வரை நிற்கச் சொல்வது நியாயம் இல்லை. மாலை முறைக்கு மகளிர் சுயஉதவிக் குழுவினரை ஊதியத்துடன் அமர்த்தலாம். கழிப்பறையும் விளக்கும் இல்லாமல் பெண்கள் கடை போட மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டே முக்காலுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பஸ் வேண்டும். யானைப் பாதையில் இரவு பத்து மணிக்கு நடக்க முடியாது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை, நல்லதுதான். ஆனால் சாக்கைப் பார்த்ததும் ஏற்ற மறுக்கிறார்கள். சந்தை அட்டையைக் காட்டினால் இரண்டு சாக்கு ஏற்றலாம் என்று ஓர் உத்தரவு இருந்தால் வாய்ச்சண்டை மிச்சம்.

அடுத்து, கீரணத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும் வாரம் இரண்டு மாலை, குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே சந்தை நடத்த இடம் ஒதுக்க வேண்டும். கட்டடம் வேண்டாம். திறந்த வெளியும் மின்விளக்கும் குடிநீர்க் குழாயும் போதும். பலகை விலைக்கே விற்கிறோம்.

மூன்றாவது, அட்டை. நிலத்தின் சிட்டா, அடங்கலைக் காட்டினால்தான் உழவர் சந்தை அட்டை கிடைக்கும். வியாபாரிகள் விவசாயி வேடத்தில் நுழைந்துவிடாமல் இருக்க அந்த விதி வேண்டும். அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் நிலத்தை விலைக்கு வாங்கிப் போட்டிருப்பவர்கள் ஒருபுறமும், அதில் குத்தகைக்கு வெள்ளாமை செய்கிறவர்கள் மறுபுறமும் இருக்கிறார்கள். குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். என் தோட்டத்துக்கு அடுத்த காட்டில் தக்காளி போடுகிறவருக்கு அட்டை இல்லை. விளைந்ததைத் தரகு மண்டிக்கே ஏற்றுகிறார். கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை உதவி அலுவலரும் வயலுக்கு வந்து பயிரைப் பார்த்து, அந்தப் போகத்துக்கு மட்டும் செல்லும் அட்டை கொடுக்கட்டும். யார் விவசாயி என்று பயிர் சொல்லிவிடும்.

தள்ளுவண்டிப் பெண்கள் கேட்பது இது. காலைச் சந்தை மூடும் நேரத்தில் மீந்த காய்கறியை எங்களிடம் வாங்கித் தெருத்தெருவாக விற்க அவர்கள் தயார். வியாபாரிக்குச் சந்தைக்குள் இடமில்லை என்பதால் வாசலிலேயே தடுக்கப்படுகிறார்கள். மூடுவதற்கு முந்தைய அரை மணி நேரம் மட்டும், பதிவு செய்த வண்டிக்காரர்களை அனுமதிக்கலாம்.

இன்னொன்று, வண்டி பறிமுதல். சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அழுகும் பொருளைப் பறிமுதல் செய்தால் உரிமை கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கையெழுத்திட்டவர்களில் ஒருவருக்கு மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தபோது தக்காளிப் பெட்டியின் அடியில் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. யார் எடுத்தார்கள் என்று எழுதி எவரையும் மாட்டிவிடுவது எங்கள் நோக்கம் இல்லை. சட்டத்தில் உள்ளதை அச்சடித்து ஒவ்வொரு வார்டுக்கும் அனுப்பச் சொல்லுங்கள், போதும்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்காக ஒரு வரி. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது. சொந்த மாநில அட்டையில் இங்கே தானியம் வாங்கலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. தொழிற்சாலை வாசல்களில் இந்தியிலும் ஒடியாவிலும் அறிவிப்பு வைக்கலாம். ரேஷன் கடைகளை மாதத்தில் ஒரு ஞாயிறு இவர்களுக்காகத் திறக்கலாம்.

பள்ளிகளின் காலை உணவுத் திட்டத்துக்குச் சாம்பார்க் காய் உழவர் சந்தையிலேயே வாங்கினால் எங்களுக்கு நிலையான ஒரு வாடிக்கை கிடைக்கும். இதைத் தங்கள் பரிசீலனைக்கு விடுகிறோம்.

இந்த மனுவின் மேல் உத்தரவு போடும் முன் ஒரே ஒரு நாள் ஒதுக்க வேண்டுகிறோம். முன்கூட்டித் தகவல் சொல்லாமல் காலை ஒன்பதரைக்கு ஏதாவது ஓர் உழவர் சந்தை வாசலுக்கு வாருங்கள். அன்றே இரவு எட்டு மணிக்கு மலுமிச்சம்பட்டிக் குடியிருப்புக்கும் போங்கள். எங்களில் இருவர் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்ட விவசாயிகளும் தள்ளுவண்டி வியாபாரிகளும்

இடம்: கோயம்புத்தூர்
இணைப்பு: கையொப்பத் தாள்கள், உழவர் சந்தை அட்டை நகல்கள்