கல் ஒரிஜினலா? குவார்ட்ஸ் நகை வாங்குகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக்கு நேரில் வருகிறவர்களும் சரி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்கிறவர்களும் சரி, முதலில் கேட்பது "கல் ஒரிஜினலா?" என்றுதான். வெள்ளி நகைகளில் நாங்கள் அதிகம் பதிப்பது குவார்ட்ஸ் வகைக் கற்கள், அவற்றைப் பற்றி இப்படிக் கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்வது பாதிப் பதில். இனிமேல் பில்லில் கல்லின் பெயரோடு அது சூடு காட்டியதா, சாயம் ஏற்றியதா என்பதையும் எழுதித் தரப்போகிறோம். அதைப் படித்துவிட்டு ஏமாந்துவிட்டோமோ என்று யாரும் கலங்கக்கூடாது, அதற்காகத்தான் இந்த மடல்.

செவ்வந்திக்கல் எனப்படும் அமெதிஸ்ட், மஞ்சள் சிட்ரின், ரோஸ் குவார்ட்ஸ், ஸ்மோக்கி குவார்ட்ஸ், ஸ்படிகம், அப்புறம் அகேட், கார்னீலியன், ஓனிக்ஸ் எல்லாம் அடிப்படையில் ஒரே பொருள், சிலிக்கான் டை ஆக்சைடு. அமெதிஸ்டின் ஊதா நிறம் அதற்குள் துளியூண்டு கலந்திருக்கும் இரும்பாலும், பூமிக்குள் பாறைகளிலிருந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சாலும் உண்டானது. அதே கல்லை 400, 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் ஊதா போய் மஞ்சளோ ஆரஞ்சோ வந்துவிடும். சந்தையில் இருக்கும் சிட்ரினில் பெரும்பகுதி இப்படிச் சூடுகாட்டிய அமெதிஸ்ட்தான், அதுவும் பிரேசில் கல் நிறைய. தானாகவே மஞ்சளாக விளைந்த சிட்ரின் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் வெளிறிய எலுமிச்சை நிறத்தில், சில சமயம் லேசாகப் புகை படிந்ததுபோல இருக்கும். நல்ல அடர் ஆரஞ்சு வேண்டும், சூடுகாட்டாததாகவும் வேண்டும் என்று கேட்டால் எங்களால் தர முடியாது. சூடுகாட்டிய நிறம் சாதாரணமாக அணிவதால் மாறாது, அதனால் அதை வாங்க நாங்கள் தயங்குவதில்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடக்கிறது. ராசிக்கல் கேட்டு வருகிறவர்களிடம் சிட்ரினைக் காட்டி, கனக புஷ்பராகம் என்று சொல்லி, அந்த விலையையும் வாங்கிவிடுகிறார்கள். புஷ்பராகம் நீலக்கல்லின் இனம், கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 9, அடர்த்தி 4. குவார்ட்ஸ் 7, அடர்த்தி 2.65. அதாவது ஒரே பருமன் உள்ள இரண்டு கற்களில் புஷ்பராகம் ஒன்றரை மடங்கு எடை வரும். நகையில் கட்டாத கல்லாக இருந்தால் இதைச் சோதித்துவிடலாம். ஸ்மோக்கி குவார்ட்ஸை ஸ்மோக்கி டோபாஸ் என்பதும் இதே கதைதான். டோபாஸ் முற்றிலும் வேறு கல்.

சாயத்துக்கு வருவோம். கறுப்பு ஓனிக்ஸ் அநேகமாக எல்லாமே நிறமேற்றியது. வெளிறிய கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, அப்புறம் கந்தக அமிலத்தில் போடுவார்கள், நுண்துளைகளுக்குள் போன சர்க்கரை கரியாகிக் கல் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு போகாது. கிரீன் ஓனிக்ஸும் சாயம் ஏற்றியதுதான். மலிவான சாயம் என்றால் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பஞ்சில் நிறம் இறங்கும், நாங்கள் கொள்முதல் செய்யும்போது இதைப் பார்த்துத்தான் எடுக்கிறோம். கார்னீலியனில் சூடுகாட்டுவது ஹரப்பா காலத்து வேலை. குஜராத்தில் ரத்தன்பூர்க் கல்லை வெயிலில் காயவைத்து, பானையில் இட்டுச் சுட்டுச் சிவப்பாக்கி, அங்கேயே காம்பத் என்ற ஊரில் மணியாக்குகிறார்கள். நம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், நொய்யல் கரையில், ஸ்படிகமும் செவ்வந்திக்கல்லும் கார்னீலியனும் பாதி வேலை முடிந்த மணிகளாகவே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்த தொழிலைத்தான் நாங்களும் செய்கிறோம் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

ஸ்படிக மாலை கேட்பவர்கள் கவனியுங்கள், கண்ணாடி அதிகம் புழங்குவது இதில்தான். லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது மணிக்குள் உருண்டையான காற்றுக் குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி. ஸ்படிகத்தில் இருப்பது மெல்லிய திரைபோன்ற கீற்றுகள், கோடுகள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும் என்பது உண்மை, ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பெரிய உருண்டை என்றால் ஒரு தலைமுடியின் மேல் வைத்து உருட்டிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் முடி இரண்டாகத் தெரியும், கண்ணாடியில் தெரியாது. இருட்டில் இரண்டு மணியை உரசிப் பொறி பார்ப்பது மட்டும் வேண்டாம், மணியில்தான் கீறல் விழும். செர்ரி குவார்ட்ஸ் என்று விற்கும் மணிகளும் பெரும்பாலும் கண்ணாடியே.

ஒரு விஷயத்தில் எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. ஆலையில் வளர்க்கும் அமெதிஸ்டும் நிஜமான குவார்ட்ஸ்தான், லென்ஸில் பார்த்துப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம், ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சின்னக் கம்மல் கல்லுக்கு அந்தச் செலவு கல் விலையைத் தாண்டிவிடும். அதனால் சான்றிதழ் உள்ள கல்லுக்கு மட்டும் பில்லில் "இயற்கை" என்று எழுதுவோம், மற்றதற்கு "அமெதிஸ்ட்" என்று மட்டும் இருக்கும். பெரிய கல் வாங்குகிறவர்கள் கேட்டால் சோதனைக்கு அனுப்பித் தருகிறோம், கட்டணம் உங்களுடையது.

விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். பிரேசிலில் 19ஆம் நூற்றாண்டில் பெரிய படிவுகள் கிடைக்கும் வரை அமெதிஸ்ட் மாணிக்கத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட கல். நிறைய கிடைத்ததால் விலை இறங்கியது, அழகு குறையவில்லை.

பராமரிப்பு எளிது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெத்தென்ற பிரஷ் போதும். அமெதிஸ்டையும் ரோஸ் குவார்ட்ஸையும் வெயில் படும் ஜன்னலோரம் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், நிறம் வெளுக்கலாம். சாயமேற்றிய கல்லை வாசனைத் திரவியத்திலிருந்து தள்ளி வையுங்கள். மோதிரத்தின் அளவை மாற்றவோ பற்றவைக்கவோ எந்தப் பத்தரிடம் கொடுத்தாலும், கல்லைக் கழற்றிவிட்டு நெருப்புக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் கல் வெடிக்கும், அமெதிஸ்ட் என்றால் நிறமே போய்விடும்.

வீட்டில் பெயர் தெரியாத கல் வைத்த பழைய நகை இருந்தால் எடுத்து வாருங்கள். வேறு கடையில் வாங்கியதாக இருந்தாலும் லென்ஸில் பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் காசு கிடையாது. சனிக்கிழமை மட்டும் கூட்டம் இருக்கும், மற்ற நாட்களில் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.