‘சாகக் குடுத்திட்டன்’: நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ நீதி அமைச்சர் அவர்களுக்கு,

திருகோணமலையில் இருபது வருடத்துக்கும் மேலாகச் சிங்களக் கடதாசியைத் தமிழாக்கியும் தமிழ்க் கடதாசியைச் சிங்களமாக்கியும் பிழைப்பவள் நான். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகையில் எழுதியிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கலியாணப் பதிவு, இவைதான் அன்றாடச் சோறு. எப்போதாவது ஒரு பொலிஸ் வாக்குமூலமும் வரும். அப்படி வந்த ஒன்றுதான் இந்த மடலை எழுத வைத்தது.

ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டால், வழக்கை விசாரித்த நீதிபதி ஜனாதிபதிக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். அது சட்டமா அதிபரிடம் போய், அவருடைய ஆலோசனையோடு உங்கள் மேசைக்கு வரும். நீங்கள் உங்கள் பரிந்துரையை எழுதி ஜனாதிபதிக்கு அனுப்புவீர்கள். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை சொல்வது இது. உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த அறிக்கை ஒரு பெண்ணைப் பற்றியதாக இருக்கும்போது அதில் என்ன விடுபட்டிருக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்காரர் ஒரு வாக்குமூலத்தின் பிரதியைக் கொண்டுவந்தார். கொலை வழக்கல்ல, கணவனைக் காயப்படுத்திய வழக்கு. தமிழில் பேசிய பெண், சிங்களத்தில் எழுதிய உத்தியோகத்தர். அதில் ஒரு வரி: கணவன் அடிக்கடி என்னை நோக்கிக் கையை நீட்டுவார். நான் இரண்டு தரம் வாசித்தேன். அப்புறம்தான் விளங்கியது. அந்தப் பெண் “கை நீட்டுவார்” என்று சொல்லியிருக்கிறாள். நம்மூரில் அதற்கு அடிப்பார் என்று பொருள். தமிழ் வீடுகளில் அடியை அடி என்று சொல்லக் கூச்சப்படும் பெண்கள் சொல்லும் சொல் அது. சிங்களத்தில் அந்த மனிதர் எதையோ வாங்கக் கை நீட்டியவர் போல நிற்கிறார். பல வருட அடி ஒரே வரியில் காணாமல் போய்விட்டது.

இன்னொரு சொல்லும் உண்டு. பிள்ளை இறந்த தாய் எங்கள் பக்கத்தில் எப்படி அழுவாள் என்று கேட்டிருப்பீர்களோ தெரியாது. “என்ர பிள்ளைய நானே சாகக் குடுத்திட்டனே” என்பாள். காய்ச்சலில் போன பிள்ளைக்கும் கடலில் போன பிள்ளைக்கும் அதே அழுகைதான். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க நான் கேட்டது அது. இந்த வரியைத் தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றச் சொல்லிப் பாருங்கள். சாவதற்குக் கொடுத்தேன் என்று எழுதுவார். குற்ற ஒப்புதல் தயார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு றிசானா நபீக்தான் ஞாபகத்துக்கு வருவார். குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர்ப் பிள்ளை. 2005 மே மாதம் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். கடவுச்சீட்டில் பிறந்த வருடம் 1982, பிறப்புச் சான்றிதழில் 1988. அதாவது 17 வயது. வேலைக்குப் போன வீட்டில் நான்கு மாதக் குழந்தையையும் அவரிடம் கொடுத்தார்கள். பால் கொடுக்கும்போது புரையேறியது, தொண்டையைத் தடவிவிட்டேன் என்பதுதான் அவர் சொன்னது. நெரித்தார் என்பது குற்றச்சாட்டு. குழந்தையின் உடல் பிரேத பரிசோதனை செய்யப்படவில்லை. முதல் விசாரணையில் பக்கத்தில் சட்டத்தரணி இல்லை, தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இல்லை. அங்கே எழுதப்பட்ட ஒப்புதலைப் பின்னர் அவர் மறுத்தார். பயனில்லை. 2007 ஜூனில் மரண தண்டனை, 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை துண்டிப்பு.

மூதூர்த் தமிழும் திருகோணமலை நகரத்துத் தமிழும்கூட ஒன்றல்ல. அந்த அறையில் அந்தப் பிள்ளை என்ன சொல்லிற்று, எழுதியவர் காதில் என்ன விழுந்தது என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நம் நாடு செய்ததையும் பாருங்கள். தூதுவரைத் திருப்பி அழைத்தார்கள், சரி. அதோடு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கினார்கள். அதே வருடம், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண் எடுக்க வேண்டிய குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகக்கூடாது என்றார்கள். தகப்பன்மாருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணின் தலை போனதற்கு எல்லாப் பெண்களின் காலிலும் கயிறு.

“அது சவூதி, இங்கே 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லையே” என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் தண்டனை விதிப்பது நிற்கவில்லை. விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு நீதிபதி வாசிப்பதை நான் மேல் நீதிமன்றத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2019இல் கயிறும் கிட்ட வந்துதான் போனது. அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர், வேலைக்குப் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். ஆணாக இருக்க வேண்டும், 18க்கும் 45க்கும் இடைப்பட்ட வயது, சிறந்த ஒழுக்கம். (தூக்குவதற்கு ஆண்தான் வேண்டும். தொங்குவதற்கு யாராக இருந்தாலும் பரவாயில்லை.)

தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் கொலைக்கு ஒரே தண்டனைதான் உண்டு. அவள் வீட்டில் என்ன நடந்தது என்று நீதிபதி தராசில் வைத்துக் குறைக்க இடமில்லை. குற்றவாளியாகக் காணப்படும் நேரத்தில் கர்ப்பிணியாக இருந்தால் மரண தண்டனை இல்லை. பெண் என்பதற்காகச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு அது ஒன்றுதான். வயிற்றைப் பார்க்கிற சட்டம் முதுகில் இருக்கும் தழும்பைப் பார்ப்பதில்லை.

294ஆம் பிரிவின் விதிவிலக்கு இருக்கிறதே என்பீர்கள். பாரதூரமாகவும் திடீரெனவும் ஆத்திரமூட்டப்பட்டவர் செய்தால் குற்றம் ஒரு படி இறங்கும், தூக்கும் போய்விடும். அந்தத் “திடீர்” யாருடைய கோபத்துக்கு அளவெடுத்துத் தைத்தது? மனைவியைச் சந்தேகப்பட்டுக் கத்தியை எடுக்கிற ஆணின் கோபத்துக்கு அது பொருந்தும். பத்து வருடம் அடி வாங்கியவளால் கணவர் முழித்திருக்கும்போது எதுவும் ஏலாது. அவர் தூங்கும்வரை காத்திருப்பாள். அந்தக் காத்திருப்புத்தான் நீதிமன்றத்தில் திட்டமிட்ட கொலை. தொடர்ந்து வந்த ஆத்திரமூட்டலையும் ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் மேல்மட்டத்தில் உண்டு. ஆனால் முதல் வாக்குமூலத்தில் அடி “கை நீட்டல்” ஆகிவிட்டால் எந்தச் சட்டத்தரணி எதை வைத்து வாதாடுவார்?

இதெல்லாம் நடக்க முதலே பத்திரிகை தீர்ப்பெழுதிவிடும். கணவன் மனைவியைக் கொன்றால் “குடும்பத் தகராறு”. மனைவி கணவனைக் கொன்றால் தலைப்பிலேயே ஒரு “கள்ளக்காதலன்” வந்துவிடுவான், அப்படி ஒருவன் இருந்தானோ இல்லையோ. பிறகு அவள் அழாமல் நின்றால் கல்நெஞ்சக்காரி, அழுதால் நீலிக்கண்ணீர்.

மன்னிப்பும் அப்படித்தான். 19 வயதுப் பெண்ணொருத்தியைக் கொன்ற ரோயல் பார்க் வழக்குக் கைதிக்கு 2019 நவம்பரில் ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்தது. அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2024 ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்றதற்காக 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவர் 2020 மார்ச்சில் அதே மன்னிப்போடு வெளியே வந்தார். ஒருவருக்கு வசதி, மற்றவருக்குச் சீருடை. கொழும்பு வெலிக்கடைச் சிறையில் இருக்கும் கிழக்கு மாகாணத்து ஏழைப் பெண்ணுக்காக யார் மனு எழுதுவார்? புருஷன் சிறையில் இருந்தால் பெண்சாதி சோற்றுப் பார்சலோடு இரவு பஸ் ஏறுவாள். பெண்சாதி சிறையில் இருந்தால் பெரும்பாலும் தாய்தான் வருவாள், அதுவும் கால் நடக்கும்வரை. உலக அளவில் மரண தண்டனைக் கைதிகளில் பெண்கள் 5 வீதத்துக்கும் குறைவு. குறைவு என்பதாலேயே யாரும் எண்ணுவதில்லை.

மரண தண்டனையை ஒழியுங்கள் என்பதுதான் என் விருப்பம். அது நாடாளுமன்றத்தில் இழுபடும் என்று எனக்குத் தெரியும். உங்கள் அமைச்சே செய்யக்கூடியதைக் கேட்கிறேன். மரண தண்டனையில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர், எந்தக் குற்றத்துக்கு, எந்த மொழியில் முதல் வாக்குமூலம் கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு வருடமும் வெளியிடுங்கள். 34ஆம் உறுப்புரை அறிக்கை உங்களிடம் வரும்போது, கைதான நாளுக்கு முன் அவள் எப்படி வாழ்ந்தாள் என்று ஒருவரை அனுப்பி விசாரித்து அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெண் கைதிகளின் பராமரிப்புப் பொறுப்பையும் பின்னணியையும் தண்டனை வழங்கும்போது கணக்கில் எடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்க வேண்டும் என்று 2010இல் ஐ.நா. ஏற்ற பாங்கொக் விதிகள் சொல்கின்றன.

தமிழ்ப் பெண், முஸ்லிம் பெண் என்றால் முதல் வாக்குமூலத்தை, அந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்த இன்னொருவரிடம் திரும்ப வாசிக்கக் கொடுங்கள். கிழக்கு மாகாணத்துக் கடதாசியாக இருந்தால் எனக்கு அனுப்பலாம். கூலி வேண்டாம். இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்,
திருகோணமலை.