ஐந்து வாட்டும் ஒரு கேள்விக்குறியும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நவம்பரின் கடைசி வார இறுதி கடக்கட்டும், அப்போது சொல்ல நிறைய இருக்கும் என்றுதான் பதிலைத் தள்ளிப்போட்டேன். நாம் இருவரும் விடிய விடிய மாறி மாறி லாக் (தொடர்புகளின் பதிவேடு) எழுதினோமே, உலகெங்கும் உள்ள அமெச்சூர் ரேடியோ நிலையங்களை முடிந்தவரை அதிகம் பிடிக்கும் அந்த சிக்யூ வேர்ல்ட் வைட் மோர்ஸ் போட்டியில் இந்த முறை தனியாகக் கலந்துகொண்டேன். அதுவும் கியூஆர்பி என்னும் குறைந்த சக்திப் பிரிவில். 48 மணி நேரமும் வெளியே போகும் சக்தி 5 வாட்டைத் தாண்டக் கூடாது.

"100 வாட்டில் கூப்பிட்டே பதில் வராத இடத்தில் 5 வாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?" என்று முன்பு ஒருமுறை கேட்டாய். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. இப்போது சொல்கிறேன். 100 வாட் 5 வாட் ஆகும்போது சக்தி இருபதில் ஒரு பங்காகிறது, உண்மைதான். ஆனால் சிக்னல் வலிமையை ஒப்பிடும் டெசிபெல் கணக்கில் எதிர்முனையில் அது 13 டெசிபெல் குறைவு, அவ்வளவே. வந்து சேரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படிக்கு 6 டெசிபெல் என்றால் இரண்டு படிதான் இறங்குகிறது. 1500 வாட் நிலையத்தோடு ஒப்பிட்டாலும் ஏறக்குறைய நான்கு படி. எஸ்9-இல் கேட்க வேண்டியது எஸ்5-இல் கேட்கும். இரைச்சல் குறைந்த பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்), மோர்ஸுக்கு, எஸ்5 தாராளம்.

ஆன்டெனாவும் பெரிதாக ஒன்றும் இல்லை. 40 மீட்டர் பேண்டுக்கு வெட்டிய கம்பி டைபோல், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் கம்பி, பக்கத்துக்குப் பத்து மீட்டர். அதே கம்பி 15 மீட்டரிலும் வேலை செய்கிறது, அதிர்வெண் மூன்று மடங்கு என்பதால். இரவில் 40, பகலில் 15 என்று மாற்றிக்கொண்டேன். சனி இரவு பேட்டரி இணைப்பு தளர்ந்து ஒரு மணி நேரம் போனது. அதை விடு.

சனிக்கிழமை முழுக்கப் பொறுமைக்குத்தான் சோதனை. நானாக சிக்யூ, அதாவது 'யாராவது பதில் சொல்லுங்கள்' என்ற பொது அழைப்பை, அழைத்துப் பார்த்தேன், பயனில்லை. சரி என்று பேண்டின் அடியிலிருந்து மேலே தேடிக்கொண்டு போய், அழைப்பவர்களுக்குப் பதில் கொடுக்க ஆரம்பித்தேன். நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், பலமாகக் கேட்கும் நிலையத்தை முதலில் கூப்பிட வேண்டும். அவர்களுடைய ஆன்டெனா பெரிது, என்னைப் போன்ற மெல்லிய குரலும் அதில் விழும். கூட்டமாக எல்லோரும் கூப்பிடும்போது சேர்ந்து கத்தாமல், ஐம்பது அறுபது ஹெர்ட்ஸ் தள்ளி, மற்றவர்கள் ஓய்கிற அந்த நொடியில் ஒரே ஒருமுறை என் கால் சைனை, அதாவது என் நிலையத்தின் அடையாளக் குறியை, அனுப்புவேன். சுருதி வேறாக இருப்பதால் காது அதைத் தனியாகப் பிடித்துக்கொள்கிறது.

அப்புறம், முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கரீபியன் தீவு ஒன்றில் ஒரு நிலையம். எனக்கு அது புது நாடு, போட்டிக்காக உலகைப் பிரித்த மண்டலங்களிலும் புது மண்டலம், மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணில் இரண்டு கூடும். சனிக்கிழமை அவரை இருபது நிமிடம் கூப்பிட்டேன், கூட்டத்தில் கரைந்துபோனேன். ஞாயிறு கடைசி மணி நேரங்களில் திரும்பிப் போனால், அவர் சிக்யூ, சிக்யூ என்று அழைத்துக்கொண்டே இருக்கிறார், பதில் சொல்ல ஆளில்லை. கூப்பிட்டேன். ஒரு கணம் அமைதி. பிறகு ஒரு கேள்விக்குறி: இரண்டு புள்ளி, இரண்டு கோடு, இரண்டு புள்ளி. மறுபடி அனுப்பினேன். என் கால் சைனின் முதல் பாதியும் ஒரு கேள்விக்குறியும் வந்தன. மறுபடி. முழுதாக வந்தது, கடைசி எழுத்து மட்டும் தவறு. அதைத் திருத்தி இரண்டு முறை அனுப்பினேன். இந்த முறை எல்லாம் சரி. சிக்னல் நன்றாகக் கேட்கிறது என்னும் 599-உம் மண்டல எண்ணும் கைமாறின, ஒரு நன்றி, முடிந்தது.

இந்த ஒரு நிமிடத்தில் அவர் மறுபடி அழைத்து, தெளிவாகக் கேட்கும் வேறு யாரையாவது லாக்கில் ஏற்றியிருக்கலாம். கால் சைனைத் தவறாக எழுதினால் அவருக்குத்தான் நஷ்டம், தொடர்பு கழிந்து அபராதமும் விழும். அதனால் என்னை அப்படியே விட்டுவிட்டு மறுபடி சிக்யூ அழைப்பதுதான் அவருக்குச் சுலபம். அவர் அப்படிச் செய்யவில்லை. நண்பா, 100 வாட்டில் இத்தனை வருடம் பேசியதில் எதிரில் இருப்பவர் நமக்காக எவ்வளவு உழைக்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை. 5 வாட்டில் என் லாக்கில் ஏறிய 143 தொடர்புகளில் பாதிக்கு மேல், யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதால் கிடைத்தவை. அன்று இரவு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தபிறகும் அந்தக் கேள்விக்குறி காதிலேயே இருந்தது.

ஓய்வு பெற்றபின் பொழுது போகவில்லை, ரேடியோ பரணில் தூங்குகிறது என்று எழுதியிருந்தாயே. அதை இறக்கு. ஒலிபரப்பும் பகுதி பலவீனமாகிவிட்டது என்று கவலைப்படாதே, 5 வாட் வந்தால் போதும். உன் பழைய மோர்ஸ் கீ என்னிடம்தான் இருக்கிறது, முனைகளைத் துடைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

வரும் ஞாயிறு மாலை 14,060 கிலோஹெர்ட்ஸில் உன்னைக் கூப்பிடுவேன். சரியாகக் கேட்காவிட்டால் ஒரு கேள்விக்குறி அனுப்பு, மறுபடி கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய லாக் கூட்டாளி